புகை விடும் பழைய இன்போர்டு (படகுக்குள் பொருத்திய) எஞ்சினுக்கு முதலில் எதை வாங்கலாம்: கம்ப்ரஷன் கேஜா, ஆயில் உறிஞ்சும் பம்பா, ‘புகை நிறுத்தி’ பாட்டிலா?

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமும் எல்லைக்கு அந்தப்புறம் விழிஞ்ஞம், நீண்டகரை பக்கமும் ஓடுகிற பழைய விசைப்படகுகளில் பலவற்றில் இருப்பது லாரிக்கென்று பிறந்து கடலுக்கு வந்த எஞ்சின். அசோக் லேலண்ட் 370 எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். அந்த 370 கன அங்குலக் கணக்கு. லிட்டரில் 6-ஐக் கொஞ்சம் தாண்டும், ஆறு சிலிண்டருக்கும் தலைக்கு 1 லிட்டர். இந்த மாதிரி எஞ்சின் புகை கக்க ஆரம்பித்ததும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் மூன்று சாமான் மேஜைக்கு வரும். ஆயிலில் ஊற்றும் ‘புகை நிறுத்தி’ பாட்டில் சில நூறு ரூபாய். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியே ஆயிலை உறிஞ்சும் கைப் பம்பும், டீசல் கம்ப்ரஷன் கேஜ் பெட்டியும் ஆயிரங்களில் வரும்.

கேஜ் பெட்டியை வாங்கலாம், ஆனால் வாங்கியபடியே உபயோகிக்க முடியாது. பம்பு நல்லது, அவசரமில்லை. பாட்டில் வேண்டாம். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. அதில் கேஜுக்குத்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது.

பெட்டியைத் திறந்தால் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை 0 முதல் 1000 பி.எஸ்.ஐ. வரை காட்டும் ஒரு கேஜ், ஒரு ஹோஸ், பத்துப் பன்னிரண்டு அடாப்டர்கள். வெளியே ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சாமான். கேஜில் குறை இல்லை. பெட்ரோல் வண்டிக்கான 300 பி.எஸ்.ஐ. கேஜை டீசலில் மாட்டினால் முதல் அடியிலேயே முள் வளைந்துவிடும் என்பதால் இந்த வகையைத்தான் வாங்க வேண்டும். குறை அடாப்டரில் இருக்கிறது. வருகிறவை எல்லாம் கார், ஜீப், வேன்களில் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் ஆனவை. ரெண்டு ஸ்டட்டில் கிளாம்ப் போட்டு இறுக்கும் பழைய ஆறு சிலிண்டர் நாசில் ஓட்டைக்கு ஒன்றுகூடப் பொருந்தாது.

இதற்கு வழி லேத்துப் பட்டறை. செத்துப்போன நாசில் பாடி ஒன்றைக் கொடுத்து, உள்ளே இருக்கும் ஊசி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடுவில் துளை போட்டு, மேல் முனையில் ஹோஸுக்கான மரை வெட்டச் சொன்னால் டம்மி நாசில் தயார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காற்று திரும்பிப் போகாமல் பிடிக்கும் சின்ன வால்வு, எரியும் அறைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் உட்கார வேண்டும். அதை மேலே வைத்துவிட்டு நடுவில் தாராளமாகத் துளை போட்டால், அந்த வெற்றிடமும் சிலிண்டரோடு சேர்ந்துகொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். சிலிண்டர் 1 லிட்டர், கம்ப்ரஷன் விகிதம் 16-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 67 மி.லி. மட்டுமே. டம்மிக்குள் 10 மி.லி. வெற்றிடம் இருந்தால் விகிதம் 14-க்கு இறங்கும். 390 காட்டவேண்டிய சிலிண்டர் 325 பக்கம் காட்டும். எஞ்சினில் ஒன்றுமே இல்லாமல் ‘போர் (சிலிண்டர் உள்சுவர்) தேய்ந்துவிட்டது’ என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். துளை 3 மி.மீ. போதும்.

அந்த வால்வுக் கோர் பார்க்க டயர் வால்வு மாதிரியே இருக்கும். தொலைந்தால் டயர் கடையில் ஒன்று வாங்கி முறுக்குவது வழக்கம். டயர் கோரின் ஸ்பிரிங் கடினமானது. ரீடிங்கைக் குறைத்துக் காட்டும். பெட்டி வாங்கும்போதே கோர் மட்டும் ரெண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இனி அளப்பது. எஞ்சினைச் சூடாக்கி, பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. நாசில் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியிருக்கும் உப்பையும் கரியையும் டீசல் தொட்ட பிரஷால் துடைத்து எடுக்காவிட்டால் எல்லாம் ஓட்டைக்குள் விழும். ஹைபிரஷர் பைப்பை ஒரு முனை மட்டும் கழற்றி வளைத்து ஒதுக்காமல், ரெண்டு முனையும் கழற்றி எடுத்து வைக்க வேண்டும். இறுகிப்போன நாசிலை முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, இடமும் வலமுமாக அசைத்து எடுக்கலாம். ஸ்குரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பினால் கிளாம்ப் காது உடையும்.

நாசில் வந்ததும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பழைய செப்பு வாஷர் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கரி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது வாஷரைப் போட்டு நாசிலை இறக்கினால் முனை ஒரு வாஷர் கனம் மேலே நிற்கும், ஸ்பிரே பிஸ்டன் குழியில் சரியாக விழாது, புகை வரும். நாசிலை சர்வீஸ் செய்துகொண்டு வந்த பிறகும் புகை குறையவில்லை என்கிற புகார்களில் இந்த ரெட்டை வாஷரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து இழுத்தால் வந்துவிடும்.

டீசல் போகாதபடி ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டி, டம்மி இல்லாமலே செல்பை (ஸ்டார்ட்டர் மோட்டாரை) ஒரு நொடி தட்டினால் உள்ளே கிடக்கும் கரி வெளியே பறக்கும். அப்போது ஓட்டைக்கு நேரே முகம் கூடாது. பிறகு புது வாஷரோடு டம்மியை மாட்டி, ரெண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, கேஜில் ஐந்தாறு துடிப்பு வரும்வரை செல்ப் அடிக்க வேண்டும். கடைசி ரீடிங்கோடு முதல் துடிப்பில் முள் எங்கே நின்றது என்பதையும் எழுதிக்கொள்வது முக்கியம். முதல் துடிப்பில் குறைவாக நின்று பிறகு படிப்படியாக ஏறினால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்கலாம். முதலிலும் குறைவு, கடைசியிலும் அதே இடம் என்றால் வால்வு.

எக்ஸாஸ்டில் கடல்தண்ணி கலந்து விடும் படகாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. செல்ப் அடிக்கும்போதும் கடல்தண்ணிப் பம்பு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் பிடித்திருந்தால் புகை அந்தத் தண்ணியைத் தள்ளிவிடும். இங்கே தள்ள ஆளில்லை. ஆறு சிலிண்டருக்கும் அடித்து முடிப்பதற்குள் மப்ளர் நிறைந்து, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே தண்ணி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நல்ல எஞ்சினைச் சோதனை போட்டே கெடுத்த கதை ஆகிவிடும். அடியில் இருக்கும் கடல் வால்வை மூடிவிட்டு அளக்கலாம். அளந்து முடித்து மூடிய வால்வோடே ஸ்டார்ட் செய்தால் அடுத்த நிமிடம் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் கருகும். ஸ்டார்ட்டிங் சாவியை அந்த வால்வின் கைப்பிடியில் மாட்டி வைத்தால் மறக்காது.

இந்த வகைப் பழைய டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் செல்ப் வேகத்தில் 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை வந்தால் நல்ல நிலை என்று எடுத்துக்கொள்ளலாம். சரியான அளவு அந்தந்த எஞ்சினின் புத்தகத்தில் இருக்கும். ஆனால் மொத்த அளவைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் பேசும். 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 15-ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. ஒரு எஞ்சினில் 390, 385, 290, 285, 380, 395 என்று வந்தால், அடுத்தடுத்த மூன்றும் நாலும் சேர்ந்து விழுந்திருப்பதைப் பார்த்ததுமே ரெண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஹெட்டை இறக்கினால் போதும். அடியில் கை வைக்க வேண்டியதில்லை. அதுவே ஆறும் 300, 310 என்று ஒன்றுபோல வந்தால் அவசரப்பட வேண்டாம். பேட்டரி சோர்ந்து செல்ப் மெதுவாகச் சுற்றியிருக்கலாம், டம்மியில் வெற்றிடம் இருக்கலாம். ரெண்டும் சரி என்றால்தான் பொதுவான தேய்மானம்.

குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பது பழைய வழக்கம். பெட்ரோலில் இது நன்றாக வேலை செய்யும். டீசலில் கவனம் வேண்டும். மிஞ்சும் இடமே 67 மி.லி. என்றபோது அதில் 5 மி.லி. ஆயில் விட்டால், ஆயில் அடைத்துக்கொள்ளும் இடமே ரீடிங்கை ஏறத்தாழ 10 சதவீதம் தூக்கிவிடும். 290 இருந்தது 315 ஆனால் அது ரிங் அல்ல, கணக்கு. 370, 380 என்று பாய்ந்தால்தான் ரிங் என்று சொல்லலாம். 5 மி.லி.க்கு மேல் விடக்கூடாது. விட்டதும் செல்ப் அடிக்காமல் கையால் ரெண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட வேண்டும். ஆயில் பிஸ்டன் குழியிலேயே தேங்கிவிட்டால் ரிங்குக்குப் போய்ச் சேராது என்பதால் இந்தச் சோதனையை முழுக்க நம்பவும் முடியாது.

இதைவிட நம்பகமான வழி அதே ஹோஸில் இருக்கிறது. இந்தப் பெட்டியின் ஆகப்பெரிய பயன் இதுதான், அட்டையில் அச்சடித்த காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வால்வுக் கோரைக் கழற்றிவிட்டு, அந்தச் சிலிண்டரின் ரெண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பஞ்சர் கடைக் கம்ப்ரஷரிலிருந்து 80 பி.எஸ்.ஐ. காற்றை உள்ளே விட வேண்டும். பிறகு காது கொடுத்தால் போதும். ஆயில் ஊற்றும் வாயில் ‘உஸ்’ என்றால் ரிங். ஏர் பில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. எக்ஸாஸ்டில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. எஞ்சினைக் குளிர்விக்கும் நன்னீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும்போது குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட் வெடிப்போ. பிஸ்டன் உச்சியிலிருந்து இம்மி விலகியிருந்தாலும் காற்று எஞ்சினைச் சுற்றிவிடும், அதனால் கிராங்கில் மாட்டிய ஸ்பானரை எடுத்துவிட்டுத்தான் காற்றைத் திறக்க வேண்டும்.

கேஜ் சொல்லாதவையும் உண்டு. ரீடிங் எல்லாம் நன்றாக இருந்தும் நீலப்புகை வரும். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள், ஆயிலை வழிப்பது அடி ரிங். அடி ரிங் கரியில் ஒட்டிக்கொண்டால் கேஜுக்குத் தெரியாது. வால்வு கைடு தேய்ந்ததும் தெரியாது. இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் காலையில் எடுத்ததும் ஒரு கொத்து நீலப்புகை விட்டுவிட்டு நின்றுவிட்டால், அல்லது வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் வந்தால் கைடு. வலை இழுக்கும்போது, அதாவது லோடில், விடாமல் வந்தால் ரிங், லைனர் (சிலிண்டருக்குள் இருக்கும் குழாய்). மணிக்கணக்கில் லோடு இல்லாமல், லைட்டுக்கும் பேட்டரிக்குமாக மெதுவாக ஓடிக்கொண்டே இருந்த எஞ்சினில் லைனர் கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிடும். லைனரில் கீறிவிட்டிருக்கும் ஹோனிங் கோடுகள் வார்னிஷ் படிந்து அடைபட்டு ஆயில் நிற்க இடமில்லாமல் மேலே ஏறும். ஆரம்பக் கட்டம் என்றால் முக்கால் லோடில் சில மணி நேரம் ஓட்டினாலே குறையும். முற்றிவிட்டால் ஹெட்டை எடுத்து ஹோன் போட்டு ரிங் மாற்ற வேண்டும்.

வெண்புகைக்கு ‘குளிர்’ என்று காரணம் சொல்வது நம் கரையில் எடுபடாது. விடியற்காலையிலும் எஞ்சின் அறை 25 டிகிரிக்குக் கீழே போவது அரிது. எடுத்து ரெண்டு நிமிடத்துக்கு மேலும் கண் எரிகிற டீசல் வாடையோடு வெண்புகை நின்றால் கம்ப்ரஷன் குறைவு, நாசில் ஒழுகல், டீசல் பம்பு டைமிங் தாமதம் மூன்றில் ஒன்று. நாசிலா என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும்போது ஹைபிரஷர் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தலாம். துணி சுற்றித்தான் தளர்த்த வேண்டும். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். எதைத் தளர்த்தினால் புகை குறைந்தும் எஞ்சின் சத்தம் மாறாமலும் இருக்கிறதோ அது குற்றவாளி. வாடை இல்லாத வெண்புகை என்றால் தண்ணி: நன்னீர் குறைகிறதா, இம்பெல்லர் இதழ் உடைந்து தண்ணி வரத்து குறைந்து ஆவியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கரும்புகைக்கு இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் அதன் முழு ஆர்.பி.எம்.மைத் தொடவில்லை என்றால் லோடு அதிகம். காற்றாடியில் (புரொப்பல்லர்) சுற்றிய வலைக்கயிறு, அடியில் பிடித்த சிப்பி, எவரோ சொன்னார் என்று மாட்டிய பெரிய காற்றாடி, எல்லாம் ஒரே புகையைத்தான் விடும். ஏர் பில்டரைக் கழற்றிவிட்டும் எஞ்சின் அறை மூடியைத் திறந்துவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் காற்றுப் பஞ்சமா என்பதும் தெரிந்துவிடும்.

ஆயில் குடிப்பதாகச் சொல்லும் எஞ்சினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிப்ஸ்டிக்கை. இதை யாரும் செய்வதில்லை. லாரியில் எஞ்சின் ஏறத்தாழ மட்டமாக உட்கார்ந்திருந்தது. அந்த மட்டத்துக்குத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். படகில் ஷாஃப்டின் சாய்வுக்கு ஏற்ப முன்பக்கம் தூக்கி, கியர்பாக்ஸ் பக்கம் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். சாய்வு 8 டிகிரி, டிப்ஸ்டிக் இருப்பது எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சேம்பரின் நடுவிலிருந்து 300 மி.மீ. முன்னால் என்று வைத்தால், அது உண்மையைவிட 42 மி.மீ. குறைவாகக் காட்டும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே இருக்கும் தூரமே பல ஸ்டிக்குகளில் அவ்வளவு கிடையாது. ‘குறைந்திருக்கிறதே’ என்று லிட்டர் லிட்டராக ஊற்றுவார்கள். ஆயில் பின்பக்கம் ஏறி கிராங்க் அதை அடித்துக் கலக்கும், லைனரில் தெறிக்கும், நீலப்புகையாக வெளியே போகும், மீதி பின் சீல் வழியே படகின் அடித்தட்டில் (பில்ஜ்) ஒழுகும். கூடுதல் ஆயில் தீர்ந்ததும் புகை நிற்கும், ஸ்டிக் குறைவாகக் காட்டும், மறுபடி ஊற்றுவார்கள். ஸ்டிக் பின்பக்கம் இருக்கும் எஞ்சினில் இதுவே தலைகீழ்: நிறைய இருப்பதாகக் காட்டும், பிரஷர் முள் அலைகளுக்கு ஏற்ப ஆடும்.

சரிசெய்ய ஓர் அரம் போதும். பழைய ஆயில் முழுவதையும் எடுத்து, புது பில்டர் போட்டு, புத்தகத்தில் சொன்ன குறைந்தபட்ச அளவை அளந்து ஊற்றி, ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்கில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே ஒரு கோடு. மீதியை அதிகபட்ச அளவுவரை ஊற்றி இன்னொரு கோடு. ஐஸும் டீசலும் ஏற்றினால் படகின் பின்பக்கம் தாழும் என்பதால், கோடு போட்ட அன்று எந்த லோடில் இருந்ததோ அதே லோடில்தான் பிறகும் பார்க்க வேண்டும். இதற்கு அப்புறம்தான் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்ற கேள்விக்கே அர்த்தம். 100 லிட்டர் டீசல் எரிந்ததற்கு அரை லிட்டருக்குள் ஆயில் குறைந்தால் பழைய எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. 1 லிட்டரைத் தாண்டினால் கேஜ் பெட்டியைத் திறக்கலாம்.

எஞ்சினுக்குள் சேரும் காற்றையும் ஆவியையும் வெளியே விடும் பிரீதரும் இப்படித்தான். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, டிப்ஸ்டிக் குழாயிலும் பின் சீலிலும் ஆயில் வெளியே வரும். சீல் மாற்ற கியர்பாக்ஸை இறக்கி, பிளைவீலைக் கழற்றி, ரெண்டு நாள் கூலி கொடுப்பதற்கு முன் பிரீதர் குழாயில் ஊதிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பிரீதரை ஏர் பில்டருக்குள் கொண்டுபோய் விட்டிருந்தால், ஒரு பயணத்துக்கு மட்டும் அதைக் கழற்றிக் காலி கேனுக்குள் விட்டுப் பார்க்கலாம். கேன் வாயைக் காற்றுப் போக வழியில்லாமல் இறுக அடைக்கக் கூடாது. திரும்பி வரும்போது கேனில் ஆயில் தேங்கி, புகையும் குறைந்திருந்தால் எஞ்சின் தன் பிரீதர் ஆயிலையே குடித்துக்கொண்டிருந்திருக்கிறது என்று பொருள்.

இனி பம்பு. படகில் எஞ்சினுக்கு அடியில் கை போக இடமில்லாததால் டிரெயின் நட்டு இருந்தும் பயன் இல்லை. உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 6 லிட்டர் கைப் பம்பு வேலையைச் செய்யும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திய உடனே, ஆயில் இளகியிருக்கும்போதே எடுத்தால் கால்மணி நேரத்தில் ஒரு பம்பு நிறையும். ஆறு சிலிண்டர் சேம்பருக்கு ரெண்டு மூன்று முறை காலி செய்ய வேண்டியிருக்கும். மலிவான பம்பில் குறை அதன் ஹோஸ்: சூட்டில் நெகிழ்ந்து, உறிஞ்சும்போது தட்டையாக ஒட்டிக்கொள்ளும். கடையில் ஹோஸை விரலால் நசுக்கிப் பார்த்தால் தெரியும். இன்னொரு சிக்கல், டிப்ஸ்டிக் குழாய் முன்பக்கம் இருந்தால் சாய்வின் பின்பக்கத்தில் தேங்கும் ஆயிலை ஹோஸ் தொடாது. எடுத்ததை அளந்து பார்க்காமல் புது ஆயிலை முழு அளவு ஊற்றினால் மேலே சொன்ன அதே அதிக ஆயில் வியாதி வரும். பம்பில் லிட்டர் கோடு போட்டிருப்பதால் அளப்பது சுலபம், அதற்காகவே இதை வாங்கலாம்.

எடுத்த ஆயிலைக் கொட்டுவதற்கு முன் ஒரு சொட்டைச் சூடான தகரத்தில் விட்டால், படபடவென்று பொரிந்தால் தண்ணி கலந்திருக்கிறது. காபி நிறத்துக்குப் போன பிறகு இந்தச் சோதனையே வேண்டாம். ஆயில் கூலர் ஓட்டை என்றால் ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணி பிரஷரைவிட அதிகம் என்பதால் ஆயில் தண்ணிக்குள் போகும். நிறுத்தியதும் தண்ணி ஆயிலுக்குள் இறங்கும். எஞ்சினோடு நேராக மாட்டிய கடல்தண்ணிப் பம்பாக இருந்தால் ரெண்டு சீலுக்கும் நடுவே ஒரு சொட்டும் ஓட்டை வைத்திருப்பார்கள். அது பெயின்டால் அடைபட்டிருந்தால் சீல் போனது வெளியே தெரியாமல் உப்புத்தண்ணி நேரே சேம்பருக்கு வரும். காரணத்தைச் சரிசெய்துவிட்டு, மலிவான ஆயிலை ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி எடுப்பதை நிறம் தெளியும்வரை ரெண்டு மூன்று முறை செய்ய வேண்டும். அதையும் அன்றே செய்ய வேண்டும். உப்புத்தண்ணி ஒரு வாரம் நின்றால் பேரிங் போய்விடும்.

ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால் மகிழக்கூடாது. டீசல் கலக்கிறது. டீசல் பீட் பம்பு டயாபிரம் கிழிந்திருக்கலாம், ராக்கர் மூடிக்குள் இருக்கும், நாசிலில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் லீக்-ஆஃப் பைப் கசியலாம். இது முற்றினால் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு ஸ்டாப் லீவருக்கும் அடங்காமல் ஓடும். அப்போது காற்றை அடைப்பதுதான் வழி. கையையோ துணியையோ கொண்டு போகக்கூடாது. ஏர் இன்லெட் வாய்க்குப் பொருந்துகிற ஒரு பிளைவுட் துண்டு எஞ்சின் அறைச் சுவரில் தொங்கட்டும்.

பாட்டிலுக்கு நாலு வரி போதும். உள்ளே இருப்பது ஆயிலைக் கெட்டியாக்கும் பாலிமர், சிலவற்றில் ரப்பர் சீலை ஊதவைக்கும் ரசாயனமும். கெட்டி ஆயில் கொஞ்ச நாள் குறைவாக ஏறும், புகை குறைந்த மாதிரி இருக்கும். சூட்டில் அந்தப் பாலிமர் உடைந்ததும் பழையபடி. காய்ந்த ரப்பர் சீலுக்குச் சிறிது பலன் கிடைக்கலாம். பல பழைய எஞ்சின்களில் பின்பக்கம் இருப்பது கயிறு வகை சீல், அதை எந்த மருந்தும் ஊதவைக்காது. பெரிய கெடுதல் வேறு: பேரிங் தேய்ந்து இறங்கிய ஆயில் பிரஷரை இது கேஜில் தூக்கிக் காட்டி, நேரத்தோடு கிடைத்திருக்கவேண்டிய எச்சரிக்கையை மறைத்துவிடும். அந்தக் காசுக்கு 15 டபிள்யூ 40 நல்ல டீசல் ஆயில் வாங்கி 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றலாம்.

கேஜ் பெட்டியை எப்போது வாங்குவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குமரி மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். கேரளத்தில் டிராலிங் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி அதே ஜூலை 31-இல் முடிகிறது. ரெண்டு பக்கத்துப் படகுகளும் ஒரே சமயத்தில் கரையேறுவதால் லேத்து, டீசல் பம்பு ரூம், ஹெட் கிரைண்டிங் எல்லா இடத்திலும் வரிசை. டம்மி நாசிலை ஏப்ரலிலேயே செய்து, மே மாதத்தில், எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆறு சிலிண்டரையும் அளந்துவிட்டால், ஹெட் மட்டும் இறக்குவதா முழுசாகப் பிரிப்பதா என்பது ஜூன் 1-க்கு முன் தெரிந்துவிடும். பார்ட்ஸும் அதற்குத் தகுந்தபடி சொல்லி வைக்கலாம். கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே தடை ஏப்ரல் 15-க்கே தொடங்கும். அவர்கள் மார்ச்சிலேயே அளந்துவிட வேண்டும்.

வாங்கும்போது முள் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா, அழுத்தத்தை விடும் பொத்தான் அழுத்தினால் திரும்பி வருகிறதா, ஹோஸின் ரெண்டு முனையிலும் ஓ-ரிங் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பெட்டியில் வரும் கார் அடாப்டர்கள் படகுக்கு எதற்கும் ஆகாது. தெரிந்த ஜீப் மெக்கானிக் யாராவது இருந்தால் அவரோடு பாதி விலை பேசிக்கொள்ளலாம். உபயோகித்த பிறகு கேஜையும் டம்மியையும் ஆயில் தொட்ட துணியால் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் வீட்டில் வைக்க வேண்டும். எஞ்சின் அறையில் விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் முள் துருப்பிடித்து நின்றுவிடும்.